பெருஞ்சுவருக்கு எத்தனை நீளம்?

(வானொலி இலக்கிய நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரையை ஒரு குற்ற ஒப்புதலோடு தொடங்க விரும்புகிறேன். 2013ஆம் ஆண்டில் ஒரு பாடசாலையில் நடைபெற்ற பொது அறிவுப் போட்டிக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவனுக்கு இப்படியான அழைப்புகள் வருவது வழக்கம். வினாக்களும் அவற்றுக்கான விடைகளும் எழுதப்பட்ட அட்டைக் கட்டொன்றை என் கையில் தந்தார்கள். இரண்டு அணிகளும் ஏறக்குறையச் சம புள்ளிகளில் நின்றன. கடைசிச் சுற்றில் வந்த வினா இது: சீனப் பெருஞ்சுவரின் நீளம் எவ்வளவு?

ஓர் அணியிலிருந்த மாணவன் 8,850 கிலோ மீற்றர் என்றான். மற்றைய அணியிலிருந்த மாணவி சற்று யோசித்துவிட்டு, 21,196 கிலோ மீற்றர் என்றாள். சபையில் ஒரு சிரிப்பு எழுந்தது. என் கையிலிருந்த அட்டையிலோ 6,400 கிலோ மீற்றர் என்று எழுதியிருந்தது. இருவருக்கும் புள்ளி இல்லை என்று அறிவித்தேன். அந்த ஒரு வினாவினால் மாணவியின் அணி இரண்டாம் இடத்துக்குப் போயிற்று. போட்டி முடிந்த பிறகு அவள் என்னிடம் வந்து, “சேர், நான் அதைப் பத்திரிகையில் வாசித்தேன்” என்றாள். “அட்டையில் உள்ளதுதான் விடை, பிள்ளை” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த முகம் என்னை விடவில்லை. ஒரு சுவர், அதற்கு மூன்று நீளங்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சில நூறு கிலோ மீற்றர் வித்தியாசமென்றால் அச்சுப் பிழையென்று விட்டுவிடலாம். இங்கோ ஒன்று மற்றொன்றின் மூன்று மடங்குக்கும் மேல். அன்றிலிருந்து இந்தச் சுவரைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க, அந்த மாணவிக்கு நான் இழைத்தது சிறிய தவறல்ல என்பது விளங்கிற்று. அத்தோடு, நீளம் என்ற மிக எளிய சொல்லுக்குள் எவ்வளவு வரலாறும் எவ்வளவு துயரமும் அடங்கிக் கிடக்கின்றன என்பதும் விளங்கிற்று. அதைத்தான் உங்களோடு இன்று பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். சீனர்கள் இச்சுவரை ‘சாங் செங்’ என்பார்கள். நீண்ட சுவர் என்பது பொருள். ‘செங்’ என்ற எழுத்துக்குச் சுவர் என்றும் பொருள் உண்டு, நகரம் என்றும் பொருள் உண்டு. நம்முடைய பழந்தமிழிலே ‘எயில்’ என்ற சொல் மதிலையும் குறித்து, மதில் சூழ்ந்த கோட்டையையும் குறித்தது போல. இன்னுமொரு வழக்குப் பெயர் ‘வான் லி சாங் செங்’. பத்தாயிரம் லி நீளமுள்ள சுவர் என்று அதற்குப் பொருள். ஆக, நீளம் பெயருக்குள்ளேயே இருக்கிறது. பிறகேன் அளக்க வேண்டும் என்று கேட்கலாம்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பமாகிறது. ‘வான்’ என்பது பத்தாயிரம் என்ற எண். அதேவேளை, எண்ணித் தொலையாதது என்ற பொருளிலும் சீனர்கள் அதைக் கையாளுவார்கள். ஆயிரங் காலத்துப் பயிர் என்று நாம் சொல்லும்போது எவரும் ஆண்டுகளை எண்ணிப் பார்ப்பதில்லை அல்லவா? ‘லி’ என்ற அளவும் நிலையானதன்று. இன்றைய லி சரியாக அரைக் கிலோ மீற்றர். பழைய சின், ஹான் அரசுகளின் காலத்து லி ஏறத்தாழ 415 மீற்றர்தான் என்று ஆய்வாளர் கணிக்கின்றனர். எனவே பத்தாயிரம் லி என்பது அக்காலக் கணக்கில் நாலாயிரத்துச் சொச்சம் கிலோ மீற்றர். இக்காலக் கணக்கில் ஐயாயிரம். சுவர் அசையாமல் நின்ற இடத்தில் நிற்க, அளவுகோல் மாத்திரம் நீண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் வரகுக் கணக்கில் ஒரு பரப்பும், நெற்கணக்கில் வேறொரு பரப்பும் இருப்பதை அறிந்த நேயர்களுக்கு இது புதுமையாக இராது.

இந்தப் பத்தாயிரம் லி முதன்முதலில் எங்கே எழுதப்பட்டது? சீன வரலாற்றெழுத்தின் தந்தையெனக் கருதப்படும் சிமா சியென், கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டளவில் எழுதி முடித்த ‘ஷி ஜி’ என்னும் பெருநூலிலே அது வருகிறது. கி.மு. 221இல் சீனத்தை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த சின் ஷி ஹுவாங் என்ற பேரரசன், வடக்கே இருந்த நாடோடிக் குதிரை வீரர்களைத் தடுப்பதற்காக மெங் தியென் என்ற தளபதியை மூன்று லட்சம் பேருடன் அனுப்பினான். மேற்கே லின்தாவோவிலிருந்து கிழக்கே லியாவோதுங் வரை, முன்னிருந்த சிற்றரசுகளின் சுவர்களையும் இணைத்து, பத்தாயிரம் லிக்கு மேற்பட்ட அரண் எழுந்தது.

நேயர்களே, இந்த நூலில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் வேறொன்று. கி.மு. 210இல் பேரரசன் இறக்கிறான். அரண்மனைச் சூழ்ச்சியினால் மெங் தியெனுக்குத் தற்கொலை செய்துகொள்ளும்படி ஆணை வருகிறது. தான் செய்த குற்றம் என்ன என்று அவன் தனக்குள் தேடிப் பார்க்கிறான். லின்தாவோ முதல் லியாவோதுங் வரை பத்தாயிரம் லிக்கு மேல் சுவரும் அகழியும் அமைத்தேனே, அவ்வளவு தூரத்தில் பூமித்தாயின் நரம்பை எங்காவது நான் வெட்டியிருக்க மாட்டேனா, அதுதான் என் குற்றமாக இருக்க வேண்டும் என்ற கருத்துப்படக் கூறிவிட்டு நஞ்சருந்துகிறான். அத்துடன் சிமா சியென் விடவில்லை. தானே வடக்கு எல்லைக்குப் போய் அந்தச் சுவரையும் காவல் அரண்களையும் கண்டு வந்ததாகக் கூறி, பூமியின் நரம்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், போரினால் நொந்து கிடந்த மக்களின் உழைப்பைத் துச்சமாக மதித்ததுதான் அவன் குற்றம் என்று தீர்ப்பளிக்கிறார்.

பெருஞ்சுவரின் நீளத்தைச் சொல்லும் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று, சாகப்போகிற ஒருவனின் பாவ அறிக்கையாக இருக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அந்தத் தளபதி சுவரை மட்டும் எண்ணவில்லை, அகழியையும் சேர்த்தே எண்ணினான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது பின்னால் நமக்குத் தேவைப்படும்.

அடுத்த கேள்வி: எந்தச் சுவர்? நாம் படங்களில் காண்பது, மலைமுகடுகளின் மேல் பாம்பு போல் வளைந்து செல்லும் கல்லும் செங்கல்லுமான சுவர். அதைக் கட்டியவன் சின் ஷி ஹுவாங் என்றே பலரும் நினைக்கின்றனர். அப்படியல்ல. அவன் காலத்துச் சுவரின் பெரும்பகுதி மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி இடித்து இறுக்கியது. இன்று பல இடங்களில் அது ஒரு வரப்பின் உயரம்கூட இல்லை. அதற்குப் பின் வந்த ஹான் அரசர்கள் மேற்கே பாலைவனத்துக்குள் சுவரைக் கொண்டு சென்றார்கள். அங்கே கல்லும் இல்லை, நல்ல மண்ணும் இல்லை. நாணற் கட்டுகளையும் மணலையும் சரளையையும் மாறி மாறி அடுக்கிக் கட்டினார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டை அண்டி வட சீனத்தை ஆண்ட ஜின் அரசு, மங்கோலியருக்கு எதிராக நீண்ட அகழிகளைத் தோண்டி அந்த மண்ணைக் கரையாகக் குவித்தது. 1368 முதல் 1644 வரை ஆண்ட மிங் வம்சத்தவரே இன்று நாம் காணும் செங்கற் சுவருக்கும் காவற் கோபுரங்களுக்கும் உரியவர்கள். அவர்கள்கூடத் தங்கள் அரணைப் பெரும்பாலும் ‘எல்லைச் சுவர்’ என்றே அழைத்தனர். ‘சாங் செங்’ என்ற பெயர் கொடுங்கோலன் சின் ஷி ஹுவாங்கை நினைவூட்டியது அதற்கொரு காரணம்.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ஆர்தர் வால்ட்ரன் 1990இல் வெளியிட்ட நூலொன்றில், பண்டைக்காலம் தொட்டு ஒரே சுவராக நின்ற பெருஞ்சுவர் என்பது வரலாறன்று, பிற்காலத்தில் உருவான கற்பனை என்று வாதிட்டார். இருந்தவை பல சுவர்கள். பல அரசுகள், பல நூற்றாண்டுகள், பல திசைகள். சில இடங்களில் இரண்டு மூன்று வரிசைகள் சமாந்தரமாக ஓடுகின்றன. பீஜிங்குக்கு வடக்கேயும் மேற்கேயும் மிங் சுவர் உட்சுவர், வெளிச்சுவர் என இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேர்கிறது. கிழக்கிலிருந்து மேற்குக்குள்ள தூரத்தைச் சொல்வதென்றால் ஒரு வரிசையை எண்ணினால் போதும். கட்டப்பட்ட சுவரைச் சொல்வதென்றால் எல்லா வரிசைகளையும் எண்ண வேண்டும். இரண்டும் நீளந்தான். ஆனால் ஒன்றல்ல.

நடந்தே பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கரான வில்லியம் எட்கர் கைல் 1908இல் சுவரின் வழியே பயணம் செய்து அடுத்த ஆண்டு ஒரு நூல் எழுதினார். 1984ஆம் ஆண்டு மே மாதத்தில் தோங் யாவோஹுய் என்பவர் இரண்டு நண்பர்களுடன் கிழக்குக் கடற்கரையிலிருந்து புறப்பட்டு, 508 நாட்கள் நடந்து மேற்கு எல்லையிலுள்ள ஜியாயுகுவான் கோட்டையை அடைந்தார். 1987இல் வில்லியம் லின்ட்சே என்ற ஆங்கிலேயர் தனியாகச் சுவர் வழியே சென்ற தூரம் 2,470 கிலோ மீற்றர். பழைய ஆங்கில நூல்கள் பலவற்றில் சுவரின் நீளம் 1,500 மைல், அதாவது ஏறத்தாழ 2,400 கிலோ மீற்றர் என்று இருப்பதோடு இது ஒத்துப்போவதைக் காணலாம். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒருவன் செல்லும் வழி அது. சுவர் அதைவிடப் பல மடங்கு.

சரி, எந்தச் சுவர் என்பதைத் தீர்மானித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்பொழுதாவது அளந்துவிடலாமா? இரண்டு தடைகள் இருக்கின்றன. தேசப்படம் தட்டையானது, மலை தட்டையானதல்ல. படத்தில் 100 மீற்றராகத் தெரியும் துண்டு, 45 பாகைச் சரிவில் ஏறினால் நிலத்தில் 141 மீற்றராக இருக்கும். முகடு விட்டு முகடு தாவும் ஒரு சுவருக்கு இந்த வித்தியாசம் கொஞ்சமல்ல.

இரண்டாவது தடை இன்னும் விசித்திரமானது. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேய அறிஞர் ஒருவர் இருந்தார். வளிமண்டலவியலில் புகழ் பெற்றவர்; போரை வெறுத்தவர். தாம் பணியாற்றிய வானிலைத் திணைக்களம் விமானப்படை அமைச்சின் கீழ் வந்ததும் 1920இல் பதவியைத் துறந்தவர். இரண்டு நாடுகள் போருக்குப் போவதற்கும் அவற்றுக்கிடையிலான எல்லையின் நீளத்துக்கும் தொடர்புண்டா என்று ஆராய முற்பட்டு, எல்லைகளின் நீளங்களைத் திரட்டினார். ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் பொதுவான எல்லையை ஒரு மூலம் 987 கிலோ மீற்றர் என்றது. மற்றொன்று 1,214 என்றது. ஒரே எல்லை! காரணம் எவருடைய பொய்யுமல்ல. வளைந்து நெளிந்து செல்லும் ஒரு கோட்டை நீண்ட கவராயத்தால் அளந்தால் சிறு வளைவுகள் விடுபட்டுப் போகும். குறுகிய கவராயத்தால் அளந்தால் அவையும் கணக்கில் சேரும். கோல் குறுகக் குறுக நீளம் கூடிக்கொண்டே போகும். 1953இல் மறைந்த ரிச்சர்ட்சனின் இந்த ஆய்வு 1961இல் வெளியாயிற்று. மண்டெல்புரோட் என்ற கணிதவியலாளர் 1967இல் பிரித்தானியக் கடற்கரையின் நீளம் என்ன என்ற தம் புகழ்பெற்ற கட்டுரைக்கு அதையே அடிப்படையாகக் கொண்டார்.

மலைமுகட்டின் ஒவ்வொரு நெளிவையும் பின்பற்றிச் செல்லும் சுவருக்கும் இது பொருந்தும். அளப்பவன் கையில் உள்ள கோல் எவ்வளவு என்று சொல்லாமல் நீளத்தை மட்டும் சொல்வது அரைச் செய்திதான்.

இனி, அந்த மாணவன் சொன்ன எண்ணுக்கு வருகிறேன். சீன அரசின் தொல்பொருட் பாதுகாப்பு நிறுவனமும் நில அளவை நிறுவனமும் சேர்ந்து நவீனக் கருவிகளைக் கொண்டு மிங் வம்சச் சுவரை அளந்தன. 2009ஆம் ஆண்டு ஏப்ரலில் முடிவு அறிவிக்கப்பட்டது: 8,851.8 கிலோ மீற்றர். அதற்கு முன் பல நூல்களிலும் ஆறாயிரத்துச் சொச்சம் என்றே இருந்தது. என் அட்டையிலிருந்ததும் அந்தப் பழைய கணக்கே. புதிய எண் உலகமெங்கும் செய்தியாயிற்று. ஆனால் அதன் உட்பிரிவைப் பார்த்தவர்கள் குறைவு. கையால் கட்டிய சுவர் 6,259.6 கிலோ மீற்றர். அகழி 359.7 கிலோ மீற்றர். மிகுதி 2,232.5 கிலோ மீற்றர் மலையும் ஆறுமாகிய இயற்கை அரண்.

கால் பங்கு நீளம் எவரும் கட்டாதது! மலையைச் சுவரென்று எண்ணலாமா? கொத்தனாரைக் கேட்டால் ஆகாது என்பான். அவன் அங்கே ஒரு கல்லும் வைக்கவில்லை. காவல் வீரனைக் கேட்டால் ஆகும் என்பான். பகைவனின் குதிரை அந்தச் செங்குத்துப் பாறையில் ஏற முடியாது, அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். மெங் தியென் அகழியையும் சேர்த்து எண்ணியதை நினைத்துப் பாருங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளாக அதே கேள்வி. இது நாடா பிடித்துத் தீர்க்கும் கேள்வியல்ல. சுவர் என்றால் என்ன என்று தீர்மானித்த பிறகுதான் நாடாவை விரிக்க முடியும்.

மாணவி சொன்ன எண் 2012ஆம் ஆண்டு ஜூனில் வெளியானது. மிங் வம்சத்தை மட்டுமன்றி எல்லா அரசுகளின் காலத்துச் சுவர்களையும் அகழிகளையும் அரண்களையும் கணக்கில் எடுத்தபோது, 15 மாகாணங்களில் 43,721 தொல்லிடங்கள் பதிவாயின. மொத்த நீளம் 21,196.18 கிலோ மீற்றர். அந்தப் பிள்ளை தசம எண்ணை மட்டுந்தான் விட்டிருந்தாள்.

இந்த எண் எல்லோருக்கும் மகிழ்ச்சி தரவில்லை. சுவரின் கிழக்கு முனை முன்னர் கடலோரத்திலுள்ள ஷான்ஹாய்குவான் என்றே பொதுவாகக் கருதப்பட்டது. 2009இல் அது கொரிய எல்லையிலுள்ள யாலு ஆற்றங்கரைக்கு நகர்ந்தது. 2012இல் வடகிழக்குக் கோடியிலுள்ள ஹெய்லோங்ஜியாங் மாகாணமும் சேர்ந்தது. கொரிய வரலாற்றாசிரியர்கள் ஆட்சேபித்தார்கள். அங்கேயுள்ள அரண்களில் சில, தங்கள் மூதாதையரான கொகுர்யோ, பல்ஹே அரசுகள் கட்டியவை. அவற்றைச் சீனப் பெருஞ்சுவர் என்று எப்படிச் சொல்லலாம் என்பது அவர்கள் வாதம். தொல்பொருளை அளக்கிறோம் என்ற பேரில் வரலாற்றின் எல்லையை நகர்த்துகிறார்கள் என்று அவர்கள் கருதினர். நம்மூரில் வேலிச் சண்டை வருவது எப்போது? வேலியை அளக்க ஆள் வரும்போதுதான். சுவரின் நீளம் வெறும் எண்ணாக இருந்திருந்தால் இரண்டு நாடுகளின் அறிஞர்கள் அதற்காக மோதியிருக்கமாட்டார்கள்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இல்லாமற் போன சுவரை எப்படி அளப்பது? மிங் சுவரில் ஏறத்தாழ 30 வீதம், அதாவது 1,962 கிலோ மீற்றர் மறைந்துவிட்டதாக 2015இல் சீனப் பத்திரிகைகள் எழுதின. காற்றும் மழையும் கொண்டுபோனது ஒரு பங்கு. மனிதர்கள் கொண்டுபோனது ஒரு பங்கு. ஏழைக் கிராமத்தவர்கள் வீட்டுக்கும் தொழுவத்துக்கும் செங்கல் எடுத்தார்கள். எழுத்துப் பொறித்த செங்கல் ஒன்று 30 யுவானுக்கு விற்கப்பட்டதாகவும் அந்தச் செய்திகள் கூறின. 1987இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்ட பின்பும், 2006இல் தனிப் பாதுகாப்புச் சட்டவிதிகள் வந்த பின்பும் இது முற்றாக நிற்கவில்லை. இவர்களைத் திட்டுவது எளிது. ஆனால் யாருடைய மூதாதையர் அந்தச் செங்கல்லைச் சுமந்து மலையேற்றினார்கள் என்று எண்ணும்போது எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

சந்திரனிலிருந்து பார்த்தாலும் இச்சுவர் தெரியும் என்று நாமெல்லாம் படித்தோம். நானே வகுப்பில் படிப்பித்தும் இருக்கிறேன். மனிதன் விண்வெளிக்குப் போவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1932இல் றிப்லியின் பத்தியில் அது அச்சாகிவிட்டது! 2003இல் விண்வெளிக்குச் சென்ற முதல் சீன வீரர் யாங் லிவெய் திரும்பி வந்து, தமக்குச் சுவர் தெரியவில்லை என்று நேர்மையாகச் சொன்னார். நீளம் எவ்வளவாக இருந்தாலென்ன, அகலம் சில மீற்றர்தானே. நூறு மைல் நீளமுள்ள நூலும் எட்ட நின்று பார்ப்பவன் கண்ணுக்கு நூல்தான்.

நேயர்களே, இது இலக்கிய நிகழ்ச்சி. சுவரை அளந்தவர்களைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனால் நீங்கள் என்னை மன்னிக்கமாட்டீர்கள். இலக்கியமும் இந்தச் சுவரை அளந்திருக்கிறது. அதன் கோல் வேறு.

சீன நாட்டுப்புறக் கதைகளில் மெங் ஜியாங் என்ற பெண்ணின் கதை மிகப் பரவலானது. மணமான சில நாட்களிலேயே கணவனைச் சுவர் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். குளிர்காலம் வருகிறது. அவனுக்கு உடை தைத்து எடுத்துக்கொண்டு அவள் நடந்தே போகிறாள். சுவரை அடைந்தபோது அவன் இறந்துவிட்டான், உடலைச் சுவருக்குள்ளேயே போட்டு மூடிவிட்டார்கள் என்று அறிகிறாள். அவள் அழுத அழுகையில் சுவர் இடிந்து விழுகிறது, எலும்புகள் வெளிப்படுகின்றன. இடிந்த நீளம் எண்ணூறு லி என்று சொல்லும் வடிவங்களும் உண்டு. கு ஜியேகாங் என்ற சீன அறிஞர் 1924ஆம் ஆண்டளவில் இக்கதையை ஆராய்ந்து, அதன் பழைய வேரில் பெருஞ்சுவரே இல்லை, சின் பேரரசனுக்கு முன்பே வாழ்ந்த ஒரு வீரனின் மனைவியைப் பற்றிய சிறு குறிப்பே நூற்றாண்டுகள்தோறும் வளர்ந்து இவ்வாறாயிற்று என்று காட்டினார். கதையும் சுவரைப் போலவே துண்டு துண்டாகக் கட்டப்பட்டு நீண்டிருக்கிறது! ஆயினும் மக்கள் அதை ஏன் சுவரோடு கொண்டுபோய்ப் பொருத்தினார்கள்? சிமா சியென் எழுத்தில் சொன்ன அதே தீர்ப்பை, எழுத்தறியாத மக்கள் ஒரு பெண்ணின் கண்ணீரால் சொன்னார்கள். அவர்களுக்கு எண்ணூறு லி என்பது அளவையன்று. ஓர் அழுகையின் நீளம்.

மேற்கே பிராக் நகரில் வாழ்ந்த ஃப்ரான்ஸ் காஃப்கா சீனத்தைப் பார்த்ததில்லை. 1917இல் அவர் எழுதிய சீனப் பெருஞ்சுவர் பற்றிய கதை, அவர் மறைந்து ஏழு ஆண்டுகளின் பின் 1931இல் வெளிவந்தது. அதில் சுவரைத் துண்டு துண்டாகவே கட்டுகிறார்கள். இரண்டு குழுக்கள் எதிரும் புதிருமாகத் தலைக்கு ஐந்நூறு மீற்றர் கட்டிச் சந்திப்பார்கள். ஆயிரம் மீற்றர் முடிந்ததும் அங்கிருந்து தொடராமல் எங்கோ தொலைவிலுள்ள வேறிடத்துக்கு அனுப்பப்படுவார்கள். ஆகவே இடைவெளிகள் இருந்துகொண்டே இருக்கும். எல்லா இடைவெளிகளும் அடைபட்டனவா என்று எவருக்கும் தெரியாது. தன் வாழ்நாளில் தன் கண்ணால், தன் அளவுகோலால் எந்த ஒருவனாலும் அதைச் சரிபார்க்க முடியாது. 2012ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் சுவர்த் துண்டுகள் மட்டும் 10,051 என்று வாசித்தபோது எனக்குக் காஃப்காவின் ஞாபகந்தான் வந்தது. கற்பனை என்று நினைத்தது கணக்கறிக்கையாக வந்து நின்றது.

ஆக, அந்த மூன்று எண்களில் எது சரி? ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்கான விடை. ஒன்று பழைய நூல்களின் உத்தேசம். ஒன்று ஒரு வம்சத்தின் அரண், அதிலும் கால் பங்கு மலையும் ஆறும். ஒன்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பல அரசுகள் தோண்டியும் கட்டியும் வைத்தவற்றின் கூட்டுத்தொகை. அதற்குள் ஓர் அரசின் உரிமைக் கோரிக்கையும் இருக்கிறது, இன்னொரு மக்களின் மனக்குறையும் இருக்கிறது. எண்ணை மட்டும் மனனம் செய்பவனுக்கு இவற்றில் ஒன்றும் தெரியவராது. நான் அப்படி மனனம் செய்தவன், மனனம் செய்வித்தவனும்கூட.

அன்று நான் செய்திருக்க வேண்டியது என்ன என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மாணவனைப் பார்த்து, நீ எந்தச் சுவரைச் சொன்னாய் என்று கேட்டிருக்கலாம். மாணவியைப் பார்த்து, நீ எவற்றையெல்லாம் சேர்த்து எண்ணினாய் என்று கேட்டிருக்கலாம். இரண்டு பேருக்கும் புள்ளி கொடுத்திருக்கலாம். புள்ளி இல்லாமற் போக வேண்டியது அட்டைக்கும், அதை நம்பிய எனக்குந்தான். சபையும் அன்று சிரிப்புக்குப் பதிலாக எதையாவது கேட்டுக்கொண்டு போயிருக்கும்.

அந்தப் பிள்ளையின் பெயரைக்கூட நான் குறித்து வைக்கவில்லை. இன்று அவள் படித்து முடித்து எங்காவது தொழில் பார்த்துக்கொண்டிருக்கலாம். எங்கேயிருந்தாவது இந்த ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருந்தால், அல்லது நாளை இது பத்திரிகையில் வரும்போது வாசித்தால், அவளுக்கு ஒரு வார்த்தை: பிள்ளை, நீ சரியாகத்தான் வாசித்திருந்தாய். சேருக்குத்தான் தெரியாமல் இருந்தது.